ஓடையில் கிடந்த சிவப்புப் பை

மலையடிவாரத்து மடத்துக்குள் வந்த மரகதவல்லிக்கு அடுக்களை வாசலைத் தாண்டக் கால் வரவில்லை. இடுப்பில் இருந்த ஒரு வயது மகள், கீழே இறங்க வேண்டும் என்று உதைத்துக்கொண்டிருந்தாள். மரகதம் இறக்கவில்லை.

மடத்தில் சமைக்கும் பேச்சியம்மாள் காலையில் ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போனவள், வெறுங்காலால் ஊசியை மிதித்துவிட்டாளாம். தண்ணீருக்குள் ஒரு சிவப்புப் பை கிழிந்து கிடந்ததாம். பை பூராவும் ரத்தம் எடுத்த ஊசிகள்.

அந்தப் பையை யாரோ வேலியோரம் தூக்கிப் போட்டிருந்தார்கள். அதன் வாயில் காயத்துக்குக் கட்டும் துணியைக் கிழித்து இரட்டை முடிச்சு போட்டிருந்தது. மரகதம் அந்த முடிச்சையே பார்த்தாள். டவுனில் அவள் நடத்தும் ரத்தப் பரிசோதனை லேபில் அப்படி முடிச்சுப் போடுகிறவள் அவள் ஒருத்திதான்.

"ஆஸ்பத்திரிக்குப் போகலையா அக்கா?" என்றாள் பேச்சியிடம்.

"எதுக்கு? சுண்ணாம்பு வச்சாச்சு. என் காலு எருமைத் தோலு தாயி. அந்த ஊசிக்குத்தான் வைத்தியம் பாக்கணும்." பேச்சி சிரித்துக்கொண்டே புளி கரைத்தாள். "போட்டவன் மட்டும் கையில கிடைக்கட்டும், அகப்பையாலயே பிளந்துருவேன்."

மரகதம் சிரிக்க முயன்றாள். வாய் கோணியது.

மடத்தின் குருவை எல்லோரும் அம்மை என்றுதான் கூப்பிடுவார்கள். மரகதத்தைவிட வயதில் இளையவர். கொல்லையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மரகதம் எதிரே உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"உட்காரு. இல்லைன்னா நில்லு. கீரைக்கே மயக்கம் வருது" என்றார் அம்மை.

"அம்மை, ஒருத்தர் ஒரு பொருளை இன்னொருத்தர்கிட்ட ஒப்படைச்சாச்சு. வாங்கினவன் கண்ட இடத்துல போட்டுட்டான். தப்பு யாரோடது?"

"என்ன பொருள்?"

"ஏதோ ஒண்ணு."

"ஏதோ ஒண்ணுக்கு என்கிட்ட பதில் இல்லை."

அம்மை எழுந்து வந்து, உதைத்துக்கொண்டிருந்த குழந்தையை வாங்கினார். கொல்லைப் படலைத் திறந்தார். ஓடைக்கரை மணலில் குழந்தையை இறக்கிவிடக் குனிந்தார்.

"ஐயோ, வேண்டாம்! அங்க இன்னும் கிடக்கும்!"

மரகதம் பாய்ந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். அம்மை படலைச் சாத்திவிட்டுத் திரும்பக் கீரையிடம் போய் உட்கார்ந்தார்.

மரகதமே பேசினாள்.

"குத்தின ஊசியைப் போட்டு வைக்கற கெட்டிப் பெட்டி தீர்ந்துபோச்சு. எல்லாத்தையும் பையிலயே கொட்டினேன். கழிவு எடுக்கற லைசென்ஸ் வண்டியும் வரலை. பழைய பிளாஸ்டிக் வாங்கற மாசாணம் வாசல்ல வந்து நின்னான். கொடுத்தேன். அவனா கேட்டுத்தானே வாங்கினான்? கொடுத்த பிறகும் அது என்னோடதா?"

"உங்க சட்டம் என்ன சொல்லுது?"

"முறைப்படி அழிச்சு முடியறவரைக்கும் என் பொறுப்புன்னு சொல்லுது. சட்டத்துக்கென்ன அம்மை, எழுதி வச்சுட்டுப் போயிரும். நான் உங்ககிட்ட கேட்கிறேன்."

"பேச்சிக்கு என்ன ஆகும்?"

மரகதம் குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பையில நோயாளிங்க ஊசியும் இருக்கு. என்ன நோய்னு எனக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரிஞ்சா இன்னிக்கே மருந்து ஆரம்பிச்சுருவார். தள்ளிப்போட்டா மருந்து கேட்காது."

"அப்போ சொல்லு."

"சொன்னா லேபுக்குச் சீல். கேஸ். இவளைத் தூக்கிட்டு நான் எங்க போவேன்?"

அம்மை கீரைத் தட்டைத் தள்ளி வைத்தார். வாசலுக்கு வந்து, தெருவில் போன ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினார். முணுமுணுத்துக்கொண்டிருந்த பேச்சியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஏற்றினார். "குழம்பு கொதிக்குது, குழம்பு கொதிக்குது" என்று பேச்சி உள்ளிருந்தே கத்தினாள்.

"நீ கூடப் போ" என்றார் மரகதத்திடம். "பிள்ளையை என்கிட்ட கொடு. ஆஸ்பத்திரிக்கு வேண்டாம்."

மரகதம் கொடுத்தாள். இரண்டடி போனவள் திரும்பினாள்.

"அழுதா முதுகுல தட்டுங்க. தோள்ல போட்டாத்தான் அடங்குவா."

"சரி."

ஆட்டோவில் ஒரு காலை வைத்தவள் இறங்கி ஓடிவந்தாள்.

"எதை எடுத்தாலும் வாயில வச்சுருவா. கண்ணை எடுத்துராதீங்க."

"சரி."

"அடுப்புப் பக்கம் விட்டுராதீங்க. படல் கொக்கி நல்லா மாட்டியிருக்கா? ஒரு தடவை பார்த்துட்டு வரட்டுமா?"

அம்மை குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"அதான் கொடுத்துட்டியே மரகதம். இனி உனக்கென்ன?"

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். மரகதம் ஏறி, பேச்சியின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது.

"டாக்டர் என்னத்த கேப்பாரு தாயி? எனக்கு ஒண்ணுந் தெரியாதே" என்றாள் பேச்சி.

"நீங்க பேச வேண்டாம் அக்கா. நான் சொல்றேன்."