முள்ளம்பன்றி ஜோடியின் மருந்துப் பொந்து

மூங்கில் காட்டில் ஒரு பாறைக்கு அடியில் வளை தோண்டி, ஒரு முள்ளம்பன்றி ஜோடி குடியிருந்தது. கணவன் பெயர் கூரன். மனைவி பெயர் சிலும்பி. இருவரும் ஒரே கிழங்கை ஆளுக்கொரு முனையிலிருந்து கடித்துக்கொண்டே வருவார்கள். நடுவில் மிஞ்சுகிற கடைசி வாய்க்குத்தான் தகராறு.

"நீங்க சாப்பிடுங்க" என்பாள் சிலும்பி.

"எனக்கு வயிறு நிறைஞ்சிடுச்சு. நீ சாப்பிடு" என்பான் கூரன்.

இவர்கள் பேசி முடிப்பதற்குள் எறும்புகள் வந்து அந்தத் துண்டை இழுத்துக்கொண்டு போய்விடும்!

அந்தக் காட்டுக்கு வைத்தியம் பார்ப்பவள் கரடியம்மா. அவளிடம் ஓர் ஏற்பாடு உண்டு. கோடையில் அவளுக்குக் கிழங்கு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவள் ஒரு மரப்பொந்தை ஒதுக்கி, அதில் தேனும் மருந்து வேரும் நிரப்பி வைப்பாள். மழைக்காலத்தில் நோய் வந்தால் அதிலிருந்து எடுத்து வைத்தியம் செய்வாள். பொந்து காலியானால் அடுத்த கோடையில்தான் மறுபடி நிரப்புவாள். நோயே வராவிட்டாலும் கொடுத்த கிழங்கு திரும்பி வராது.

அந்தக் கோடையில் கூரனும் சிலும்பியும் கிழங்கு சுமந்துகொண்டு போனார்கள்.

"தனிப் பொந்தா, கூட்டுப் பொந்தா?" என்று கேட்டாள் கரடியம்மா. "தனின்னா ஆளுக்கொரு சின்னப் பொந்து. ஒருத்தர் மருந்தை இன்னொருத்தருக்குத் தர மாட்டேன். கூட்டுன்னா ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பொந்து. நீங்க தர வேண்டிய கிழங்கும் கொஞ்சம் குறைவுதான். ஆனா ஒருத்தரே காலி பண்ணிட்டா மத்தவருக்கு இல்லை. யோசிச்சுச் சொல்லுங்க."

சிலும்பி யோசித்தாள். மழை தொடங்கினாலே கூரனுக்கு நெஞ்சில் சளி கட்டும். அவளுக்கும் வயது ஏறுகிறது. "தனியா இருந்தா..." என்று வாயெடுத்தாள்.

கிளையில் இருந்த மைனா கேட்டுவிட்டது. "அய்யய்யோ! தனியாவா? புருஷன் பெண்டாட்டிக்குள்ள சண்டையா?"

கூரனுக்கு முதுகு முள்ளெல்லாம் சிலிர்த்தது. "எங்களுக்குள்ள தனி என்ன தனி! கூட்டுப் பொந்தே வையுங்கம்மா!"

சிலும்பியும் சரியென்று தலையாட்டினாள். அவன் அப்படிச் சொன்னது அவளுக்கு இனிக்கத்தான் செய்தது.

மழை வந்தது. ஒருநாள் சிலும்பியின் முன்காலில் ஈச்ச முள் ஏறி, உள்ளேயே முறிந்துவிட்டது. கால் வீங்கியது. கரடியம்மாவிடம் போகலாம்தான். 'நான் மருந்தை எடுத்துத் தீர்த்துவிட்டால், அவருக்குச் சளி கட்டும்போது என்ன செய்வது?' என்று நினைத்தாள். விடிகிற வானத்தைப் பார்த்து, "ஆண்டவனே, என் வலியை நான் பொறுத்துக்கிறேன். அவரை நல்லபடியா வெச்சிரு" என்று வேண்டிக்கொண்டாள்.

"ஏன் நொண்டுறே?" என்று கேட்டான் கூரன்.

"நொண்டலீங்க. சேறு வழுக்குது. நீங்க ஏன் இருமுறீங்க?"

"கிழங்குல இருந்த மண்ணு தொண்டையில சிக்கிக்கிச்சு. வேற ஒண்ணுமில்லை."

இப்படியே நாள் ஓடியது. ஒரு காலையில் கூரனால் எழுந்திருக்கவே முடியவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது. மூச்சு இழுத்தது.

"எழுந்திருங்க, கரடியம்மாகிட்டப் போகலாம்!" என்று பதறினாள் சிலும்பி.

"வேண்டாம்... பொந்தைத் தொடாதே" என்று முனகினான் கூரன். "உன் கால் வீங்கியிருக்கு. அந்த மருந்து உனக்கு வேணும்."

சிலும்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் நினைத்ததையே அவனும் நினைத்திருக்கிறான்! அவளுக்காகத்தான் நோயை மறைத்திருக்கிறான்! அழக்கூட நேரமில்லை. மூன்று காலில் விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள்.

கரடியம்மா வந்தாள். முள் குத்தாமல் இருக்க, தேக்கு இலைகளில் கூரனைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போனாள். பொந்தைத் திறந்தால், ஒரு வேர்கூடக் குறையவில்லை. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதை யாருக்காகப் பத்திரமா வெச்சிருந்தீங்க? எறும்புக்கா? முதல் இருமலுக்கே வந்திருந்தா கொஞ்சம் தேனோட போயிருக்கும். இப்போ பொந்தோட அடி வரைக்கும் வழிக்கணும் போலிருக்கே!"

கடவுள் புண்ணியத்தில் கூரன் பிழைத்தான். பொந்தில் ஒட்டியிருந்த கடைசித் துளித் தேனை மருந்தோடு குழைத்து, சிலும்பியின் காலில் பூசினாள் கரடியம்மா. நல்லவேளை, அதற்காவது மிஞ்சியது! அதற்கு முன்னால் முள்ளைப் பிடுங்கும்போது, கோபத்தில் இருந்த கரடியம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "முள்ளம்பன்றி காலிலேயே முள்ளா!"

அடுத்த கோடையில் இருவரும் மறுபடி கிழங்கு சுமந்துகொண்டு போனார்கள். "முயல் ஜோடிக்குக் கூட்டுப் பொந்துதான் சரி. தும்மினாக் கூட ஓடி வந்து மருந்து கேட்பாங்க. உங்களுக்கு அது ஒத்து வராது" என்றாள் கரடியம்மா.

"ஆளுக்கொரு பொந்தே வையுங்கம்மா" என்றாள் சிலும்பி. கூரனும் தலையாட்டினான்.

"பிரிஞ்சிட்டாங்க! பிரிஞ்சிட்டாங்க!" என்று கத்தியது மைனா.

"ஆமாண்டி, பொந்துதான் பிரிஞ்சிருக்கு. நாங்க இல்லை!" என்றாள் சிலும்பி.

அந்த மழைக்காலத்தில் கூரன் ஒரே ஒரு தடவை இருமினான்.

"கிளம்புங்க!" என்றாள் சிலும்பி. "உங்க மருந்து உங்களுக்குத்தான். நீங்க குடிக்காட்டி எனக்கா தரப் போறாங்க?"

கூரன் மறுபேச்சில்லாமல் போய் மருந்து குடித்துவிட்டு வந்தான். சாயங்காலம் இருவரும் ஒரு கிழங்கை ஆளுக்கொரு முனையிலிருந்து கடித்தார்கள். கடைசி வாய்க்கு வழக்கம்போல் தகராறு. எறும்புகள் காத்திருந்தன.

ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்தே பழகிய தம்பதி, நோய்க்கான மருந்தை மட்டும் அவரவர்க்கென்று தனியாக வைத்துக்கொள்வதே இருவருக்கும் நல்லது.