ஏரிக்குள் ஒரு மண்டபம்

அந்தச் சட்டசபையில் எதிர்க்கட்சிக்கென்று மிஞ்சியது ஒரே ஆள், மரியசூசை. கல்லூரியில் பௌதிகம் நடத்திவிட்டு அரசியலுக்கு வந்தவர். அவர் எழுந்தாலே ஆளுங்கட்சி வரிசைகளில் கொட்டாவிதான். மனிதர் அசருவாரா?

அன்று செங்கழுநீர் ஏரி விவகாரத்தை எடுத்தார். அமைச்சர் வேங்கடபதியின் மைத்துனர் ஏரிக்குள்ளேயே கல்யாண மண்டபம் கட்டியிருந்தார்.

"வாத்தியாரே, இது வகுப்பறை இல்லை" என்று சிரித்தார் அமைச்சர். "எங்கள் பக்கம் ஒரே ஒருத்தர் மேசையைத் தட்டி உம்மை ஆதரிக்கட்டும், நாளைக்கே மண்டபத்தை இடிக்கிறேன்."

மரியசூசை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குரலை உயர்த்தினார். "ஏரியை விழுங்கிய மண்டபத்தை உடனே இடிக்கும்படி, ஏழைகளின் விடிவெள்ளி, வாரி வழங்கும் வள்ளல், மாண்புமிகு அண்ணன் வேங்கடபதி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்!"

ஆளுங்கட்சி மேசைகள் அத்தனையும் அதிர்ந்தன. பழக்கதோஷத்தில் அமைச்சரே எழுந்து கும்பிட்டுவிட்டார். பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"செல்லாது! என் பட்டத்தைக் கேட்டுத் தட்டினார்கள். விஷயத்தை எவன் கேட்டான்?" என்று கத்தினார்.

"அப்படியா?" என்றார் மரியசூசை. "அப்போ இதுவரை நீங்கள் நிறைவேற்றிய சட்டங்களுக்கெல்லாம் எதைக் கேட்டுத் தட்டினார்கள்?"

மறுநாள் ஏரிக்கரைக்குப் புல்டோசர் வந்தது.