ஒண்ணும் எரியல சாமி

ஞானத்தம்மாளின் மடத்தில் வயதில் மூத்த சீடர் வன்னியநாதர். குருவைவிடவும் மூத்தவர். முன்பு கட்டடக் காண்டிராக்டராக இருந்தவர். எதிரில் நிற்பவர் வாயைத் திறந்ததுமே வேலையை ஆரம்பித்துவிடும் பழக்கம், காவி கட்டிய பிறகும் அவரை விடவில்லை.

போன கோடையில் மலையடிவாரத்துத் தெருவிலிருந்து வெள்ளத்தாய் வந்து அவர் முன் நின்றாள்.

"வீட்டுல ஒண்ணும் எரியல சாமி. ஏதாவது வழி பண்ணுங்க."

அவ்வளவுதான், மனிதர் பம்பரமாய்ச் சுழன்றார். தெரிந்தவர்களிடமெல்லாம் நன்கொடை கேட்டு, அந்தத் தெரு முழுக்கச் சூரிய விளக்கு மாட்டிக் கொடுத்தார். வெள்ளத்தாய் கும்பிட்டாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் அடுத்த வீட்டுக்குப் போயிருந்தார்.

ஐப்பசி மழையில் விறகு பொறுக்க மலைக்குப் போன வெள்ளத்தாய், பாறையில் வழுக்கி விழுந்து இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்து வன்னியநாதர் மடத்துக்குத் திரும்பினார். அவள் தலையிலிருந்து விழுந்த விறகுக் கட்டு அவர் தோளில் இருந்தது. அதை மலையிலேயே விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

"வீட்டுக்கு வீடு வெளிச்சம் கொடுத்தேனே அம்மா. அப்புறமும் இவ எதுக்கு மலைக்குப் போனா?" விறகை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

ஞானத்தம்மாள் கஞ்சிப் பானையை எடுத்து அவர் முன் வைத்தார்.

"துட்டி வீட்டுல இன்னைக்கு அடுப்பு மூட்ட மாட்டாங்க. அவ பிள்ளைங்களுக்கு நாமதான் கஞ்சி கொண்டுபோகணும். காய்ச்சுங்க ஐயா."

அவர் கேஸ் அடுப்பின் பக்கம் போனார்.

"அது வேண்டாம். அவ பொறுக்கின விறகுலயே காய்ச்சுங்க."

கொல்லைத் தாழ்வாரத்தில் கல் கூட்டிப் பானையை ஏற்றினார். நனைந்த விறகு பிடிப்பேனா என்றது. ஊதி ஊதி நெஞ்சு வலித்தது. அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையும் புகையோடு சேர்ந்துகொண்டது.

பொழுது சாய்ந்தது. ஞானத்தம்மாள் ஒரு சூரிய விளக்கைக் கொண்டுவந்து பானைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"வெளிச்சம் போதுமா?"

"வெளிச்சத்துக்கு என்ன குறை அம்மா? அரிசி அப்படியே கிடக்கு. ஒண்ணும் எரியல..."

சொன்ன வாய் அப்படியே நின்றது.

விளக்கு மாட்டப் போன அன்று பார்த்தது நினைவுக்கு வந்தது. வெள்ளத்தாயின் கேஸ் அடுப்பு பழைய சேலைத் துணியால் மூடியிருந்தது. எவ்வளவு பதவிசாக வைத்திருக்கிறாள் என்று மெச்சிவிட்டு வந்தார். சிலிண்டர் தீர்ந்து, மறுபடி வாங்க வழியில்லாமல் மூடி வைத்திருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

ஊதுவதை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அடுப்புன்னு ஒரு வார்த்தை அவ சொல்லியிருக்கக் கூடாதா அம்மா?"

"இப்ப நீங்களும் அடுப்புன்னு சொல்லலையே ஐயா. ஊதுங்க, பிள்ளைங்க பசியோட இருக்கு."