உரலுக்குப் பின்னால் ஒளித்த கஷாயம்

கொம்பையூர் ஜமீன்தாருக்குத் தன் நிழல் பின்னால் வந்தாலும் சந்தேகம்தான். அப்பேர்ப்பட்டவரை மார்கழிப் பனியில் இருமல் பிடித்துக்கொண்டது. சமையல்காரி மாடத்தி மஞ்சள், மிளகு, சுக்கு, துளசி தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துக் கொண்டுபோனாள்.

"என்னடி இது, மஞ்சளா இருக்கு? எவன் கொடுத்தனுப்பின விஷம்?"

"தொண்டைக்கு இதமா இருக்கும் எசமான்." அவளே ஒரு மடக்குக் குடித்துக் காட்டினாள்.

"முறிவு மருந்து தின்னுட்டு வந்திருப்பே!"

காவல்காரனைக் குடிக்கச் சொன்னார். அவன் அவள் கூட்டாளி என்று பட்டது. கணக்குப்பிள்ளையைக் குடிக்கச் சொன்னார். இப்படியே சொம்பு காலியானது. குடித்தவர்களுக்குத் தொண்டை தெளிந்தது. இவர்தான் லொக்கு லொக்கென்று இருமினார். அதிலும் ஏதோ சதி இருப்பதாகத் தோன்றியது.

"நீ கொடுக்கிற எதையும் தொடமாட்டேன். ஆனா பொழுது சாயறதுக்குள்ள என் இருமல் தணியணும். இல்லேன்னா மூட்டையைக் கட்டு!"

மாடத்தி மறுபடி கஷாயம் வைத்தாள். அவர் காதில் விழும்படி காவல்காரனிடம் சொன்னாள்: "நமக்குன்னு வெச்சது. உரலுக்குப் பின்னால ஒளிச்சு வை. எசமான் பாத்தா ஒரு சொட்டு மிஞ்சாது."

அவ்வளவுதான். "எனக்குத் தெரியாம என்னத்தடி குடிக்கிறீங்க?" என்று பாய்ந்து வந்தவர், சொம்பைப் பிடுங்கி மடமடவென்று குடித்தார். குடித்த பிறகுதான் மஞ்சள் வாசம் தெரிந்தது.

"அடியே, இது அந்தக் கஷாயமில்ல?"

"அதேதான். ஆனா நான் கொடுக்கலியே எசமான்!"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். இருமல் வரவில்லை.

அதன்பிறகு மாடத்தி ஒருநாளும் அவருக்குக் கஷாயம் கொடுத்ததில்லை. தவறாமல் உரலுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.