கிடா வாயிலேர்ந்து பிடுங்கின கதை

தள்ளிப் படுட்டி. அத்தைக்கும் ஒரு சாண் இடம் வேண்டாமா? விடியக்காலையில அடுப்பு மூட்டினவ, இப்பந்தான் கையைத் துடைச்சேன். ஒரு கதைதான் சொல்லுவேன். ராஜா கதையும் வேணும், பேய் கதையும் வேணும், திருடன் கதையும் வேணும்னா நான் எங்க போவேன்? எதுன்னு கேட்டா முழிக்கே. சரி, உன்னை மாதிரியே முழிச்ச ஒருத்தி கதையைச் சொல்லுதேன். "ம்" கொட்டணும். கொட்டலேன்னா நான் முதல்ல தூங்கிருவேன்.

ஒரு ஊர்ல ஒரு வில்லுப்பாட்டுக்காரி இருந்தா. பேரு செண்பகவடிவு. வில்லைக் கோலால தட்டினான்னா மணியெல்லாம் ஜல் ஜல் ஜல்னு பேசும். அந்த ஊரு மாடசாமி கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருசா வருசம் அவதான் புதுசா ஒரு கதை கட்டிப் பாடணும். அந்த வருசம் கொடையும் நெருங்கிருச்சு, கதை கட்டி முடியல. ஊர்ப்பெரியவரு வந்து, "ஏம்மா, நீ பாடலைன்னா பக்கத்து ஊரு வில்லுச் செட்டைக் கூப்பிட்டிருவோம். அப்புறம் இந்தக் கோயில்ல வில்லு அவங்களுக்குத்தான், எப்பவும்"னுட்டுப் போயிட்டாரு.

"அவகிட்ட கதையே இல்லையா?"

இல்லாமலா? இருந்ததுதான் தொந்தரவே. தண்ணி லாரியைக் கண்ட குடம் மாதிரி தலைக்குள்ள அத்தனை கதையும் இடிச்சுக்கிட்டு நின்னுது. ஒண்ணை எடுத்து நாலு அடி கட்டுவா. உடனே இன்னொண்ணு டொக் டொக்னு தட்டும், "என்னை எப்பப் பாடுவே?"ன்னு. இதை விட்டுட்டு அதை எடுப்பா. அதுவும் பாதியில நிக்கும். தூக்கமே இல்ல பாவம், கண்ணு ரெண்டும் குழி விழுந்துபோச்சு.

அதுல ஒரு சின்னக் கதை மட்டும் மூலையில சும்மா நின்னுது. அவ அக்கா கதை. அம்மா செத்ததுக்கு அப்புறம் அந்த அக்காதான் செண்பகவடிவை வளத்தா. தண்ணி எடுப்பா, நெல்லு குத்துவா, தங்கச்சிக்குத் தலை பின்னிப் பிச்சிப்பூ வெச்சுவிடுவா. தான் வெச்சுக்கிட மாட்டா. அதுக்கு உட்காரணுமே, நேரம் எங்க? அவ உட்காந்து சாப்பிட்டு யாரும் பாத்ததில்ல. அப்புறம் ஒருநாள் அசந்துபோயி சுவத்துல சாஞ்சா. எழும்பவே இல்ல. "இதுல ராஜா உண்டா, சண்டை உண்டா? பாடினா ஊரே கொட்டாவி விடும்"னு செண்பகவடிவு அதைத் தள்ளித் தள்ளி வெச்சா.

எங்க, "ம்"மைக் காணோம்?

"ம்."

அப்போ அவ முதல்ல செட்டுக்காரங்ககிட்ட யோசனை கேட்டா. குடம் அடிக்கிறவரு ராஜா கதைன்னாரு. உடுக்கை அடிக்கிறவரு பேய் கதைன்னாரு. ஜால்ரா போடுறவரு, சாப்பாடு எப்பன்னாரு.

அப்புறம் எல்லாத்தையும் சேத்து ஒரே கதையாக் கட்டிப் பாத்தா. ராஜா பேயைக் கல்யாணம் பண்ண, திருடன் தாலியைத் தூக்கிட்டு ஓட, பட்டத்து யானை வெரட்டிக்கிட்டுப் போயி கிணத்துல தொபுக்கடீர்!

"யானை வெளிய வந்துச்சா?"

இன்னும் கிணத்துலதான் கிடக்கு. அதைத் தூக்க அவளாலயும் ஆகல, இப்ப என்னாலயும் ஆகாது. விடு.

மூணாவதா, கொடையன்னைக்குக் காலையில, பூக்கட்டிப் பாத்துருவோம்னு கோயிலுக்குப் போனா. முடிவு பண்ணத் தெரியாம நின்னா நம்மாளுங்க அதான செய்வாங்க. பூவைப் பொட்டலமா மடிச்சு சாமி முன்னால போட்டு, ஒண்ணை எடுக்கணும். எது வருதோ அது சாமி வாக்கு. ராஜா கதைக்குச் செம்பருத்தி, பேய்க்கு வேப்பிலை, திருடனுக்குத் துளசி, அக்காவுக்குப் பிச்சிப்பூ. எல்லாத்தையும் பச்சை வாழையிலையில மடிச்சு நாரால கட்டிப் போட்டா. பச்சை இலையில கட்டினாளே, அதுதான் தப்பாப் போச்சு.

பூசாரி கண்ணை மூடிக்கிட்டு மணி அடிக்காரு, கணகணகணன்னு. அப்போ வந்துது பாரு, கோயில் கிடா! சாமிக்குன்னு நேந்துவிட்டது. அதை யாரும் அடிக்கக்கூடாது, வெரட்டக்கூடாது. யாரு வீட்டுல போயி எதைத் தின்னாலும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். வந்துது, மோந்து பாத்துது, மொறுக் மொறுக்குனு தின்ன ஆரம்பிச்சிருச்சு.

செம்பருத்தி போச்சு. செண்பகவடிவு பாத்துக்கிட்டே நின்னா. வேப்பிலை போச்சு. அப்பாடான்னு இருந்துது அவளுக்கு. துளசியும் போச்சு. போனாப் போகட்டும், வில்லும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், வீட்டுக்குப் போயிப் படுத்தாப் போதும்னு நெனைச்சா. அவ்வளவு அசதி.

அப்போ கிடா கடைசிப் பொட்டலத்தைக் கடிச்சுது. நாரு அறுந்து, பிச்சிப்பூ வெள்ளையா எட்டிப் பாத்துது. வாசம் வந்துது.

அவ்வளவுதான். பாஞ்சுபோயி சாமி கிடாவோட தாடியைப் புடிச்சுட்டா!

"ஏய், விடு! சாமி குத்தம்!"னு பூசாரி கத்துதாரு.

"குத்தம் ஆனா ஆகட்டும். மத்ததெல்லாம் தின்னுட்டுப் போகட்டும், எங்க அக்காவைத் தரமாட்டேன்!"

அது இழுக்க, இவ இழுக்க, பாதிப் பூ இவ கையில வந்துது. கிடா "ம்மே"ன்னுட்டுப் போயிருச்சு. பூசாரி மணியைக் கீழ வெச்சாரு. அப்புறம், "அதான் எதுன்னு புடுங்கிட்டியே தாயி, போயிப் பாடு"ன்னாரு.

மத்தியானக் கொடையில பாடினா. கட்ட நேரமே ஆகல, தன்னால வந்துது. எங்கக்கா தண்ணி எடுத்தா, எங்கக்கா நெல்லு குத்தினான்னு பாடப் பாட, பொங்கப்பானை முன்னால நின்ன பொம்பளைங்க ஒவ்வொருத்தியா கரண்டியை வெச்சுட்டு வந்து தரையில உட்காந்தாங்க. பொங்கல் அடிபிடிச்சுது. ஆம்பளைங்கதான் போயி அடுப்பை அணைச்சாங்க. வில்லும் அவகிட்டயே இருந்துது. கடைசி அடியில அவ அக்காவுக்கு ஒரு பாயை விரிச்சு, தலையில பிச்சிப்பூ வெச்சு, காலை நீட்டி உட்கார வெச்சா. அதோட கோலைக் கீழ வெச்சுட்டா.

"நிஜமா உட்காந்தாளா அத்தை?"

நிஜத்துல எங்கட்டி உட்காந்தா. பாட்டுலதான்.

"அத்தை."

ம்.

"நான் தள்ளிப் படுத்துட்டேன். நீ வா."

ம்... வந்துட்டேன். கதையும் காலை நீட்டிருச்சு, அத்தையும் காலை நீட்டியாச்சு. கண்ணை மூடு.