நிலமாங்காய்க்குக் காவல்

"ஆசானே, கொச்சப்பி என்னை வாழ விடமாட்டான்," என்றார் அப்பாவு.

ஆசான் தங்கையன் உரலில் மருந்து இடிப்பதை நிறுத்தவில்லை.

"அவன் யாரைத்தான் விட்டான்?"

அப்பாவுக்கு வயது அறுபது. முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் கண்டக்டர். ஓய்வு பெற்ற மறுமாசமே விஸிலைப் பையில் போட்டுக்கொண்டு மலையடிவாரத்துக்கு வந்து, தன்னைவிட இருபது வயசு இளைய ஆசானிடம் சிஷ்யனாகச் சேர்ந்துவிட்டார்.

சேர்ந்தது நிலமாங்காய்க்காக. பேர்தான் மாங்காய். கரையான் புற்றின் அடிவயிற்றில், மண்ணுக்குள் கறுப்பாக உருண்டு கிடக்கும் ஒரு காளான் அது. மருந்துக்கடைக்காரர்கள் அதைக் கண்டால் எழுந்து நின்று கும்பிடாத குறை.

ஆசானுக்கு ஒரு முறை உண்டு. கரையான் குடியிருக்கிற புற்றைத் தொடமாட்டார். அது தானாக வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன பிறகு, ஒரு பக்கம் மட்டும் தோண்டுவார். பாதியை எடுப்பார், பாதியை விடுவார். தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி மண்ணைப் போர்த்திவிட்டு வருவார். வருஷத்துக்கு ஒரு சின்னப் பை சந்தைக்குப் போகும்.

கொச்சப்பிக்கும் ஒரு முறை உண்டு. கடப்பாறை. புற்று உயிரோடு இருக்கிறதா, செத்ததா என்றெல்லாம் பார்க்கமாட்டான். நெல்லிக்காய் அளவு பிஞ்சையும் விடமாட்டான். அவன் தோண்டிவிட்டுப் போன குழியில் ஆடு விழுந்தால் கயிறு கட்டித்தான் தூக்க வேண்டும்.

"அயினி மரத்தடியில ஒரு புத்து பாத்து வச்சிருக்கேன் ஆசானே. கரையான் போயாச்சு. தை மாசம் காய் முத்தும்னு நீங்கதான் சொன்னிய. முதக் காய நானே எடுத்துட்டு வந்தா இந்த வருஷம் சந்தைக்கு நானே போலாம்னும் சொன்னிய. எனக்க பெஞ்சாதி பைகூட தைச்சு வச்சிட்டா. அதுக்குள்ள அவன் மோப்பம் பிடிச்சிருவான். ஒரு மந்திரம் சொல்லித் தாங்க."

ஆசான் மடியிலிருந்து ஒரு துண்டு பச்சை மஞ்சளை எடுத்துக் கொடுத்தார்.

"புத்துல பூசும். ஒரு விரல் அகலம் போதும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். மேல ஒண்ணும் செய்யண்டாம்."

நாற்பது பேர் உட்காருகிற பஸ்ஸில் எண்பது பேரை ஏற்றிய மனுஷன் அப்பாவு. ஒரு விரல் அகலத்தோடு நிற்பாரா?

புற்று முழுக்கப் பூசினார். சிவப்புத் துணி கட்டினார். எலுமிச்சம்பழம் குத்தினார். மணி கிடைக்கவில்லை, தன் விஸிலைக் கிளையில் தொங்கவிட்டார். அப்புறம் டீக்கடைக்குப் போனார்.

"கனவுல நாகம்மை வந்தா. 'அப்பாவு, எனக்கு அயினி மரத்தடியில ஒரு ஸீட்டு போடு'ன்னு சொன்னா."

"ஜன்னலோரமாவா?" என்றார் டீக்கடைக்காரர்.

மூன்றாம் நாள் கொச்சப்பி வந்தான். அப்பாவு புதருக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார். கொச்சப்பி புற்றைப் பார்த்தான். கடப்பாறை கையைவிட்டு நழுவியது. கன்னத்தில் போட்டுக்கொண்டான். மறுநாள் பாலும் முட்டையும் கொண்டுவந்தான்.

அப்பாவுக்கு விஸில் அடிக்கவேண்டும் போல இருந்தது. விஸில் மரத்தில் இருந்தது.

மார்கழியில் பந்தல் வந்தது. மைக் செட் வந்தது. பஸ் அங்கே நின்று போக ஆரம்பித்தது.

தை பிறந்தது. அப்பாவு பையும் தோண்டுகம்பியுமாகப் போனார்.

புற்றுக்கு முன்னால் நெற்றி நிறைய விபூதியோடு கொச்சப்பி உட்கார்ந்திருந்தான்.

"செருப்பக் கழத்தும்."

"லேய், உனக்க கழுத்துல கெடக்கது எனக்க விஸிலு."

"அது அம்மைக்க விஸிலு."

"கனவு கண்டது நானாக்கும்."

"கனவு உமக்கு, காவல் எனக்கு. கையில என்னது, கம்பியா?" கொச்சப்பி திரும்பிக் குரல் கொடுத்தான். "எக்கா, எல்லாரும் இஞ்ச வாருங்க. ஒருத்தரு புத்தத் தோண்ட வந்திருக்காரு."

பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பதினேழு பெண்கள் அகப்பையோடு திரும்பினார்கள்.

ஆசான் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அப்பாவுக்கு ஒரு கால் செருப்புதான் இருந்தது.

"ஆசானே, உங்க மஞ்சள் என்னையே தடுத்துட்டு."

"யாருக்க கம்பின்னு மஞ்சளுக்குத் தெரியுமா?"

அப்பாவு மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பையும் கழற்றி வைத்தார்.

"ஒரு விரல்னா கொச்சப்பி ஒரு மாசம் பயந்திருப்பான். அடுத்த மழையில அது கரைஞ்சிருக்கும். நீரு கோயிலு கெட்டினீரு."

"சந்தை போச்சு ஆசானே. பையப் பாத்து அவ சிரிப்பா."

ஆசான் கொஞ்ச நேரம் இடித்தார். பிறகு கேட்டார்:

"கொச்சப்பி இப்ப எங்க தோண்டுகான்?"

"எங்க தோண்ட? ரெண்டு மாசமா அங்கேருந்து எழும்பல்லியே."

ஆசான் உலக்கையைக் கீழே வைத்தார். அப்பாவு வந்து சேர்ந்த நாளிலிருந்து அவர் அதைக் கீழே வைத்துப் பார்த்ததில்லை.

"கம்பிய எடும். சந்தை வியாழக்கிழமைதானே?"

காட்டுக்குள் போனார்கள். எங்கும் புதுக் குழி இல்லை. கரையான் காலி செய்த புற்றுகள் நாலு, யாரும் தொடாமல் அப்படியே நின்றன.

"இதுல நீரே தோண்டும்," என்றார் ஆசான்.

அப்பாவு ஒரு பக்கம் மட்டும் தோண்டினார். உள்ளே எட்டுக் காய்கள், ஒவ்வொன்றும் கைமுட்டி அளவு. நாலை எடுத்துப் பையில் போட்டார். பை பாதிகூட நிறையவில்லை.

மீதி நாலும் குழிக்குள் பளபளவென்று கிடந்தன.

அப்பாவு சுற்றிலும் பார்த்தார். ஆசான் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுவின் கை மெல்ல மறுபடியும் குழிக்குள் இறங்கியது.

ஆசான் திரும்பவில்லை. மடியை அவிழ்த்தார். ஒரு துண்டு பச்சை மஞ்சளை எடுத்துப் பின்பக்கமாக நீட்டினார்.

கை வெளியே வந்தது. அப்பாவு மண்ணை அள்ளி மூடினார், தட்டிக் கொடுத்தார். மஞ்சளை வாங்கிக்கொண்டார்.

"புத்துல எவ்வளவு பூசணும் ஆசானே?"

"இஞ்ச கொச்சப்பி வரமாட்டான்," என்றார் ஆசான்.

அப்பாவு மஞ்சளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் உள்ளங்கையில் பூசிக்கொண்டார்.

ஒரு விரல் அகலம்.