பொறுமைசாலி பெட்ரோல்

கோயம்புத்தூரில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமே கிடையாது. மோட்டார் செய்கிறவர், பம்பு செய்கிறவர், கிரைண்டர் செய்கிறவர் என்று, தடுக்கி விழுந்தால் ஒரு புத்திசாலி மேல்தான் விழ வேண்டும். அந்தக் கணக்கில் சேராத நாலு பேர், கணபதி பகுதியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் கார் கட்டும் விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள்.

தலைவர் பொங்கியண்ணன். கம்ப்யூட்டருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவன் தெய்வசிகாமணி. சத்தம் பதிவு செய்பவள் கோதைநாயகி. கார் படம் வரைபவன் குப்புராஜ். குப்புராஜ் வரைந்த முதல் காருக்கு ஐந்து சக்கரம். "ஸ்டெப்னியும் சக்கரந்தானுங்ண்ணா, அதுக்கும் தரையில உருள ஆசை இருக்காதா?" என்று கேட்டான். பொங்கியண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்தாவது சக்கரம் அப்படியே இருந்தது.

இந்த விளையாட்டைச் சென்னைக் கம்பெனி ஒன்று வாங்கி வெளியிடுவதாகப் பேச்சு. வாங்காவிட்டால் பொங்கியண்ணன் மாமனாரின் கிரைண்டர் கடையில் போய் உட்கார வேண்டும். மாமனார் நல்லவர்தான். ஆனால் கடைக்கு வருகிற ஒருவர் விடாமல், "இவரு என்ற மாப்பிள்ளைங்க, பொம்மைக் காரு ஓட்டிட்டு இருந்தாரு" என்று அறிமுகம் செய்து வைப்பார்.

சென்னையிலிருந்து மெஹருன்னிசா மேடம் போன் செய்தார். நாலு பேரும் போனைச் சுற்றிக் கைகட்டி நின்றார்கள்.

"உங்க விளையாட்டுல எந்தப் பெட்ரோல் ஊத்தினாலும் இன்ஜின் ஒரே மாதிரி ஓடுது. அது தப்பு. மட்டமான பெட்ரோல் ஊத்தினா இன்ஜின் டொக் டொக்னு தட்டணும். பொறி வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோல் தானா பத்திக்கிறதாலதான் அந்தச் சத்தம். ஆக்டேன்னா வேற ஒண்ணுமில்ல, அவசரப்பட்டுப் பத்திக்காம பொறுத்துக்கிற குணம். நம்பர் கூடக்கூடப் பொறுமை கூடும், தட்டுறது குறையும். நிஜ வண்டியில அந்தச் சத்தத்தைப் பிடிச்சு அப்படியே போடுங்க. வெள்ளிக்கிழமை நேர்ல வந்து பாக்கறேன்."

போனை வைத்ததும் பொங்கியண்ணன் பெருமூச்சு விட்டார். "இத்தன வருசமா பெட்ரோலுக்கு இப்படியொரு குணம் இருக்குதுன்னு தெரியாமயே வண்டி ஓட்டிட்டு இருந்திருக்கோம்."

மாமனாரின் பழைய காரையே இரவல் வாங்கிக்கொண்டு நால்வரும் பெட்ரோல் பங்கிற்குப் போனார்கள். பொங்கியண்ணன் கண்ணாடியை இறக்கிப் பணிவாகக் கேட்டார்.

"ஏனுங்க, மட்டமான பெட்ரோல் இருக்குதுங்களா?"

பங்க்காரர் முகம் சிவந்துவிட்டது. "காலங்காத்தால வம்புக்கு வர்றீங்களா? எங்ககிட்ட எல்லாம் நல்ல பெட்ரோல்தான். ஆக்டேன் தொண்ணூத்தியொண்ணு வேணுமா, தொண்ணூத்தியஞ்சு வேணுமா?"

"அதுல எதுக்குங்க பொறுமை கம்மி?"

"எனக்குத்தான்" என்றார் பங்க்காரர்.

தொண்ணூற்றியொன்றையே போட்டுக்கொண்டு திரும்பினார்கள். பேக்கரி வாசலில் காரை நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டார்கள். கோதைநாயகி மைக்கை பானட்டுக்குள் நீட்டினாள். தட்டவில்லை. பெட்ரோல் பின்னால் டேங்கில்தானே இருக்கிறது, அது என்ன நினைக்கிறது என்று பக்கத்திலிருந்து கேட்டால்தான் தெரியும் என்று குப்புராஜ் டிக்கிக்குள் இறங்கிப் படுத்தான். காற்றுச் சத்தம் கலக்கக் கூடாதே என்று தெய்வசிகாமணி டிக்கியைச் சாத்தினான். டிக்கி பூட்டிக்கொண்டது. சாவியோ முன்னால் இன்ஜினை ஓட்டிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. கோதைநாயகி துள்ளிக் குதித்தாள்.

"அண்ணா, தட்டுதுங்ண்ணா!"

"பின்னாடி இருந்தில்ல வருது?" என்றார் பொங்கியண்ணன்.

"டேங்க் பின்னாடிதானுங்களே இருக்குது. அவசரக்காரப் பெட்ரோல், இன்ஜினுக்குப் போற வரைக்கும் பொறுக்க முடியாம அங்கயே ஆரம்பிச்சிருச்சு."

சத்தம் வலுத்தது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிவு செய்தார்கள். குப்புராஜைக் காணோமே, இவ்வளவு நல்ல சத்தத்தைக் கேட்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று பொங்கியண்ணன் உண்மையாகவே வருத்தப்பட்டார். பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்ற பிறகுதான் சாவியை எடுத்து டிக்கியைத் திறந்தார்கள். உள்ளே அவன் வேர்த்து விறுவிறுத்துக் கிடந்தான்.

"தட்டுச்சே, கேட்டியாப்பா?" என்றார் பொங்கியண்ணன்.

"நான் எங்கீங்ண்ணா கேட்டேன், நான் பாட்டுக்குத் தட்டிட்டு இருந்தேன்" என்றான் குப்புராஜ்.

அடுத்தது ஆக்டேன் கணக்கு. விளையாடுகிறவர் இரண்டு பெட்ரோலையும் கலந்து ஊற்றினால் என்ன செய்வது என்று தெய்வசிகாமணி கேட்டான். அன்று முழுக்க அதுதான் விவாதம்.

"தொண்ணூத்தியொண்ணும் தொண்ணூத்தியஞ்சும் கூட்டுனா நூத்தி எண்பத்தாறு. இதுல யோசிக்க என்ன இருக்குது?" என்றார் பொங்கியண்ணன்.

"இல்லீங்ண்ணா" என்றாள் கோதைநாயகி. "எங்க வீடு கூட்டுக்குடும்பம். ஆளு சேரச்சேரப் பொறுமை குறையத்தான் செய்யுது."

கடைசியில் குப்புராஜ்தான் முடிச்சை அவிழ்த்தான். "உங்க வீட்டுல மாமியா இருக்குது. பெட்ரோலுக்கு யாரு மாமியா?"

பெட்ரோலுக்கு மாமியார் கிடையாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டதால், கூட்டுவது என்று முடிவாயிற்று. பொங்கியண்ணனுக்குக் கிரைண்டர் கடை கண்முன்னே வந்து போனது. "இதுல கஞ்சத்தனம் வேண்டாம். இருக்கற பெட்ரோலையெல்லாம் ஊத்திக் கூட்டு. ஒரு தட்டுக்கூடக் கேக்கக் கூடாது" என்றார். ஆக்டேன் பல ஆயிரத்தைத் தாண்டியது. தெய்வசிகாமணி நேர்மையான ஆள். அத்தனை பொறுமைக்கும் உரிய மரியாதையைக் கம்ப்யூட்டரில் எழுதி வைத்தான்.

வெள்ளிக்கிழமை மேடம் வந்தார். காபியும் வெஜிடபிள் பப்ஸும் வைத்தார்கள். பொங்கியண்ணன் முதலில் மட்டமான பெட்ரோலை ஊற்றிக் காட்டினார். ஐந்து சக்கரக் கார் உறுமியது. டொக் டொக் டொக். மேடம் தலையாட்டினார். பொங்கியண்ணனுக்குப் போன உயிர் வந்தது. அப்போது இன்ஜினுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"டேய், தொறங்கடா! மூச்சு முட்டுதுடா!"

மேடத்தின் கையிலிருந்த பப்ஸ் பாதியில் நின்றது. "யாரது?"

"பெட்ரோலுங் மேடம்" என்றார் பொங்கியண்ணன். "அப்படியே போடச் சொன்னீங்க. ஒரு சொல்லுக்கூட மாத்தல."

மேடம் கண்ணை மூடித் திறந்தார். "சரி. நல்ல பெட்ரோலைக் காட்டுங்க."

பொங்கியண்ணன் எல்லாவற்றையும் கலந்து ஊற்றி ஸ்டார்ட் பட்டனை அமுக்கினார். சத்தமே இல்லை. நால்வரும் பெருமையுடன் மேடத்தைப் பார்த்தார்கள்.

"தட்டல பாத்தீங்களா?"

"ஸ்டார்ட்டே ஆகலையே?"

"பொறி வந்துருச்சுங் மேடம்" என்றான் தெய்வசிகாமணி. "பெட்ரோல் பொறுத்துக்கிட்டு இருக்குது."

"எவ்வளவு நேரம்?"

"அது அதோட குணத்தப் பொறுத்ததுங்."

காபி ஆறியது. இன்னொரு காபி வந்தது, அதுவும் ஆறியது. கடைசியில் மேடம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "வண்டி எப்ப ஸ்டார்ட் ஆகுதோ அப்ப எனக்கு போன் பண்ணுங்க!" என்று கத்திவிட்டு, படி அதிர இறங்கிப் போனார்.

"பாவம், ஆக்டேன் கம்மி" என்றாள் கோதைநாயகி.

பொங்கியண்ணனுக்கோ மனசு குளிர்ந்துவிட்டது. வேண்டாம் என்று மேடம் சொல்லவில்லையே, ஸ்டார்ட் ஆனதும் போன் செய்யத்தானே சொன்னார்? அன்றிலிருந்து நால்வரும் முறை வைத்துக் கம்ப்யூட்டருக்குக் காவல் இருந்தார்கள். வாடகைக்கு வழியில்லாமல் மாடி கைவிட்டுப் போனது. மாமனார் வந்து மாப்பிள்ளையைக் கடைக்கு அழைத்துப் போனார். மாப்பிள்ளை கம்ப்யூட்டரை இடுப்பில் இடுக்கிக்கொண்டே போனார். மற்ற மூவரும் பின்னாலேயே போய்விட்டார்கள்.

இப்போது அந்தக் கம்ப்யூட்டர் கிரைண்டர் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாமனார் எல்லோரிடமும் பொம்மைக் கார் கதையைச் சொல்லத்தான் செய்கிறார். பொங்கியண்ணன் காதில் வாங்குவதில்லை. மேடத்தின் நம்பரைத் தயாராக வைத்துக்கொண்டு, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

போன வாரம் கிரைண்டர் வாங்க வந்த ஒருவர் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதுக்கு ப்ளக்கே மாட்டலீங்களே?" என்றார்.

"இருக்கற ப்ளக்குல கிரைண்டர் ஓடுதுங்க" என்றார் பொங்கியண்ணன். பிறகு, விவரம் தெரியாத மனிதர் என்று இரக்கப்பட்டு, தணிந்த குரலில் விளக்கினார். "அதுமில்லாம, இது பெட்ரோல் வண்டிங்க. இதுக்கு எதுக்குங்க கரண்டு?"